எங்கள் மனநிறைவைச் சென்னையில் கூட்டிக் கழிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

பன்னாட்டு நிறுவனங்களின் ஊழியர் மனநிறைவு அறிக்கைகள் பல இன்று சென்னையில்தான் உருவாகின்றன. எங்கள் நிறுவனத்திலும் அப்படித்தான். கேள்விகளைத் தலைமையகம் எழுதுகிறது. பதில்களைப் பல நாட்டுக் கிளைகளில் இருக்கும் நாங்கள் அனுப்புகிறோம். அவற்றை வடிகட்டி, சராசரி எடுத்து, நிறம் பூசி, நாடுவாரியாக வரிசைப்படுத்துவது பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு மாடியில் இருக்கும் நீங்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மேலிடத்துக்குப் போகும். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி திரும்பி வரும். உங்களுக்கு எழுதினால், படித்துவிட்டு ஒருவராவது எரிச்சல் படுவீர்கள். எனக்கு அது போதும்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவில் ஒரு கிளையில் குழு மேற்பார்வைப் பணியில் இருக்கிறேன். வெளிநாட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. மதுரைப் பக்கம் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்தவர்களில் ஒருவர் என்பதால் தமிழில் கணினியில் தட்டத் தெரியும். இங்கே பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் தேவாரமும் காவடிப் பாட்டும் பாடுவார்கள்; தமிழில் கடிதம் எழுதுபவர்கள் குறைவு. அவர்களுக்காகவும், என் குழுவில் இருக்கும் ஜூலு நண்பர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் அனுப்பும் அந்த ஒரு பக்க அட்டவணையில் நாடுகள் மேலிருந்து கீழாக நிற்கும். சென்னையும் மணிலாவும் கரும்பச்சை. போலந்துக் கிளை சிவப்பு. டர்பன் வெகுநாளாக மஞ்சள். ஓர் ஆண்டு திடீரென்று நாங்கள் பச்சைக்குத் தாவினோம். "மிகச் சிறந்த முன்னேற்றம்" என்று மின்னஞ்சல் வந்தது. உணவறைக்குக் கப்கேக் பெட்டிகள் வந்தன. அவை பழைய ஆள்கணக்குப்படி வந்திருந்ததால் ஏகப்பட்டது மிஞ்சியது. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனோம். மிஞ்சியதற்குக் காரணம், அந்த ஆண்டுதான் 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்கீழ் ஆட்குறைப்பு நடந்திருந்தது. கலந்தாலோசனைக் கூட்டங்கள், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் என்ற கணக்கு, கைகுலுக்கல், வாசல். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. அது முடிந்த சில வாரங்களில் உங்கள் சர்வே வந்தது.

சராசரி எப்படி ஏறியது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன். பத்துப் பேர் உள்ள ஒரு குழு. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு பேர் 2 என்கிறார்கள், ஆறு பேர் 4 என்கிறார்கள். சராசரி 3.2. அந்த நான்கு பேரையும் வெளியே அனுப்புங்கள். சராசரி 4.0. யாருடைய மனமும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அட்டவணையில் மட்டும் மஞ்சள் போய்ப் பச்சை வந்துவிட்டது. எங்கள் கிளையில் முணுமுணுப்பவர்கள் யார் என்று மேலாளர்களுக்குத் தெரியும். பட்டியலில் யார் பெயர் முதலில் ஏறியது என்று எங்களுக்கும் தெரியும்.

மிச்சம் இருந்தவர்களின் 4க்கும் ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் வேலையின்மை அரசுக் கணக்கின்படியே 30 விழுக்காட்டுக்கு மேல், பல ஆண்டுகளாக. 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்களில், வேலை தேடுபவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் வேலை இல்லை. ஒரு சம்பளத்தை நம்பி ஏழெட்டு வயிறுகள் இருக்கும் வீட்டிலிருந்து வருகிறவரிடம், பக்கத்து மேசை காலியான மறுமாதம், "இந்த நிறுவனத்தில் வேலை செய்வதில் உங்களுக்குப் பெருமையா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? 5 என்பார். பொய்யும் இல்லை அது. வேலை இருப்பதே அவருக்கு அப்போது பெரிய விஷயம். அமெரிக்காவில் 2021இல் மட்டும் நாலரைக் கோடிக்கும் அதிகமான முறை ஊழியர்கள் தாங்களாகவே வேலையை விட்டார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போக அங்கே கதவு இருந்தது. போகக் கதவு உள்ள ஊரில் ஒருவர் போடும் 4ம், கதவே இல்லாத ஊரில் ஒருவர் போடும் 4ம் ஒரே எண்தான். அவற்றை ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிறுத்தி எது பெரிது என்று பார்க்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

வேலையை விட்டுப் போனவர்களைக் கேட்டால்தான் உண்மை வரும் என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. டர்பனைச் சுற்றி இருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் வந்தார்கள். மாதம் பத்து ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர்கள் குறை சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள், கேட்க ஆளில்லை. முதலாளியைப் பற்றிப் புகார் கொடுக்க முதலாளியிடமே அனுமதி வாங்கி வெளியே போக வேண்டிய நிலை. 1871இல் முதல் கூட்டம் ஊர் திரும்பிச் சென்னையில் இறங்கியது. அங்கே, வெளிநாடு போகும் கூலிகளைக் கவனிக்கும் அரசு அதிகாரியான குடியேற்றக் காப்பாளரிடம்தான் வாய் திறந்தார்கள்: பிடித்துக்கொண்ட கூலி, கசையடி, நோயில் கிடந்தபோது நடந்தவை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1866இல், நேட்டாலின் பொருளாதார மந்தத்தால் ஆள் அனுப்புவது நின்றிருந்தது. தோட்டக்காரர்கள் மறுபடி ஆள் கேட்டபோது, முதலில் விசாரணை நடத்துங்கள் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. 1872இல் ஆணையம் அமைந்தது, சட்டம் திருத்தப்பட்டது, இந்தியக் குடியேறிகளுக்குக் காப்பாளர் என்று ஒரு பதவி வந்தது. 1874இல்தான் கப்பல்கள் மறுபடி புறப்பட்டன.

அந்தப் பத்தாண்டுகளில் தோட்டத்துக்குள் ஒரு சர்வே எடுத்திருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். துரை பார்க்கும் தூரத்தில் நின்று யார் 2 போட்டிருப்பார்? விஷயம் வெளியே வந்தது, இனி அந்தத் துரையிடம் வேலை செய்ய வேண்டியதில்லை என்று ஆனவர்களின் வாயிலிருந்துதான். எங்கள் நிறுவனத்திலும் விலகுபவர்களிடம் ஒரு படிவம் நிரப்பச் சொல்வது உண்டு. கடைசிச் சம்பளமும் பணிச் சான்றிதழும் கைக்கு வருமுன் நிரப்பச் சொல்வார்கள். அதில் என்ன எழுதுவார்கள்? "மேற்படிப்பு", "குடும்பக் காரணம்". ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள், வேறு பதில் வரும்.

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இது உங்கள் தொழிலிலேயே எல்லோரும் அறிந்தது. ஒரே ஐந்து கட்டத்தை எல்லா நாட்டவரும் ஒரேமாதிரி பயன்படுத்துவதில்லை. லத்தீன் அமெரிக்காவில் இரு முனைகளுக்கும் தயக்கமின்றிப் போவார்கள். கிழக்காசியாவில் நடுவில் நிற்பதே மரியாதை. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் உலக அறிக்கைகளில் பணியில் முழு ஈடுபாடு உள்ளவர்கள் என்ற கணக்கில் ஜப்பான் ஆண்டுதோறும் பத்து விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. அதே அறிக்கையில் தெற்காசியா அதைப்போல் பல மடங்கு. இதை வைத்து, ஜப்பானியர் வேலையில் சிரத்தை இல்லாதவர்கள், நம்மவர்கள் மெய்ம்மறந்து உழைப்பவர்கள் என்று முடிவு கட்ட உங்களுக்கே மனம் வராது. கரும்பச்சையில் இருக்கும் சென்னைக் கிளையின் உணவறையில் ஒரு நாள் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுவிட்டு அந்த நிறம் சரியா என்று எனக்குச் சொல்லுங்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 2004இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அரசு முடிவுகளில் உங்கள் சொல் எவ்வளவு எடுபடும் என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டபோது, சீனர்கள்தான் தங்கள் சொல் அதிகம் எடுபடுவதாகச் சொன்னார்கள். மெக்சிகோவிலோ 2000ஆம் ஆண்டில்தான் எழுபது ஆண்டுக்காலம் ஆண்ட கட்சியை மக்கள் வாக்களித்து இறக்கியிருந்தார்கள். பிறகு இரு நாட்டவரிடமும் கற்பனை மனிதர்கள் சிலரின் நிலையை விவரித்து, இவருடைய சொல் எவ்வளவு எடுபடும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். அந்த மதிப்பீடுகளை அளவுகோலாக வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது. இதே முறையை ஐரோப்பிய நாடுகளின் பணித்திருப்திக்கும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்; அங்கேயும் வரிசை மாறியது. நீங்களும் செய்யலாம். "இவருக்குச் சம்பளம் தவறாமல் வருகிறது, மேலாளர் பிறர் முன்னிலையில் திட்டுவார், வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். இவருக்கு எத்தனை போடுவீர்கள்?" இப்படி மூன்று கேள்விகள் போதும். எங்கள் 4 எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். மூன்று கேள்விக்கு இடமில்லை என்று சொல்லாதீர்கள். நிறுவனத்தின் புதிய முத்திரைச் சின்னம் பிடித்திருக்கிறதா என்று கேட்க இடம் இருந்தது.

காலப்போக்கில் ஒப்பிடுவதுதான் எனக்கு நம்பிக்கை தரும் வழி, டர்பனை டர்பனோடு. ஆனால் அதற்கும் கேள்வி மாறாமல் இருக்க வேண்டும். அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸ் போர்டு என்ற வணிக ஆய்வு அமைப்பின் கணக்குப்படி வேலையில் திருப்தி உள்ளவர்கள் 1987இல் 61.1 விழுக்காடு, 2010இல் 42.6, 2022இல் 62.3. பெரிய பள்ளம், பெரிய ஏற்றம். அதே நாட்டில் 1972 முதல் நடக்கும் பொதுச் சமூகக் கணக்கெடுப்பிலோ பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஓரளவேனும் திருப்தி என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளம் அதில் கிடையாது. நாடு ஒன்று, காலம் ஒன்று. கேள்வி வேறு, கேட்ட விதம் வேறு. இரண்டில் எதைக் கையில் எடுக்கிறோமோ அதற்கேற்பக் கதை சொல்லலாம். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் சர்வதேசச் சமூக ஆய்வுத் திட்டம் வேலை பற்றிய கேள்விகளை 1989, 1997, 2005, 2015 ஆண்டுகளில் கேட்டது. இடைவெளி நீளம்தான். ஆனால் முக்கியமான கேள்விகளை மாற்றாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்தக் கோடுகளுக்கு ஒரு மதிப்பு. உங்கள் படிவத்திலோ நான் பார்க்கவே ஐந்து கட்டம் ஏழாகி, ஏழு பத்தாகி, கடைசியில் முகபாவப் பொம்மைகளாகிவிட்டது. அதற்கு மேல் "ஐந்தாண்டுப் போக்கு" என்று ஒரு கோடு வேறு இழுக்கிறீர்கள்.

கோடு இறங்கினால் கெட்டது என்ற நினைப்பும் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் பெண்களுக்குச் சம்பளமும் பதவி உயர்வும் குறைவு. ஆனாலும் ஆண்களைவிட அவர்கள் அதிகத் திருப்தி தெரிவித்தார்கள். ஏன் என்று பொருளியலாளர் ஆண்ட்ரூ கிளார்க் 1997இல் ஆராய்ந்தார். அவர் கண்ட காரணம் எதிர்பார்ப்பு. குறைவாக எதிர்பார்த்தவர்கள் கிடைத்ததில் நிறைந்தார்கள். இளம் பெண்களிடமும், மேற்படிப்புப் படித்தவர்களிடமும் அந்த வேறுபாடு காணாமல் போயிருந்தது. அப்படியானால் திருப்தி குறைவது சில சமயம் மனிதர்கள் தங்களுக்கு உரியதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கும் அடையாளம்.

என் மாமியார் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்துப் போய் டர்பனில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவர். காலர் மட்டும்தான், முழுச் சட்டை ஒன்றைத் தொழிற்சாலையில் அவர் தைத்ததே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் இறக்குமதி வரி குறைந்து மலிவுத் துணி வந்து குவிந்தபோது இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பெண்களோடு அவருக்கும் வேலை போனது. "வேலை பிடித்திருந்ததா அத்தை?" என்று கேட்டால், "அருமையான வேலை" என்பார். கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் பித்தளைத் தகடு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் அதே மூச்சில், ஒரு குறையும் இல்லாத குரலில் சொல்வார். அவருடைய பேத்தி இப்போது ஒரு கால் சென்டரில் இருக்கிறாள். கழிப்பறை நேரத்தைக் கணினி அளக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் படிவத்தில் அவள் 1 போடுகிறாள். பாட்டி 5, பேத்தி 1. உங்கள் கோட்டில் இது சரிவு. எங்கள் வீட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். "உங்கள் பதில்கள் முற்றிலும் ரகசியமானவை" என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் துறை, பணிக்காலம், பால், வயது வரம்பு, அதோடு ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், வெள்ளையர் என்ற கட்டமும் வருகிறது. இந்த ஊரில் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்துக்காக நிறுவனம் அந்தப் பிரிவுக் கணக்கை அரசுக்குக் கொடுக்கிறது. அது நியாயமானது, எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் அதை ஏன் சர்வேயில் கேட்கிறீர்கள்? எங்கள் குழுவில் பத்தாண்டுக்கு மேல் பணியில் இருக்கும், நாற்பது கடந்த, இந்தியர் என்ற கட்டத்தில் வரும் ஆள் ஒருவர்தான். மூன்று முறை சொடுக்கினால் என் முகம் திரையில் வந்து நின்றுவிடும். அந்தப் பக்கத்தை நிரப்பிய கையோடு மேலாளரைப் பற்றிய கேள்வி வருகிறது. 4 போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

இந்த எச்சரிக்கை உணர்வு இங்கே புதிதல்ல. 1973 ஜனவரி 9 அன்று டர்பனில் கொரோனேஷன் செங்கல் தொழிற்சாலையின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒரு விளையாட்டு மைதானத்தில் கூடினார்கள். உங்கள் சார்பில் சிலரைத் தேர்ந்தெடுங்கள், பேசலாம் என்று நிர்வாகம் கேட்டது. அவர்கள் யாரையும் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டார்கள். பேசப் போகிறவர் முதலில் பழிவாங்கப்படுவார் என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அந்த அலை மூன்று மாதத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பரவியது. அதற்கு முன்புவரை டர்பன் அமைதியான ஊர் என்று நம்பியிருந்த முதலாளிகள் உண்டு. அவர்கள் கையில் ஓர் அட்டவணை இருந்திருந்தால் அதுவும் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

கேட்கும் கேள்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்பி இயந்திரம், உடற்பயிற்சிக் கூடச் சலுகை, "என் திறமைக்கு இங்கே மதிப்பு உண்டு" எல்லாம் கேட்கிறீர்கள். எங்கள் கிளையில் பாதிப் பேர் உம்லாசியிலிருந்தும் குவாமாஷுவிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வருகிறார்கள். நிறவெறி ஆட்சி ஊருக்கு வெளியே தள்ளிவைத்த குடியிருப்புகள் அவை. இன்றும் அலுவலகங்கள் ஒரு மூலையில், ஆட்கள் மறு மூலையில். உம்லாசிக்காரர் வேலைக்கு வர இரண்டு மினிபஸ் டாக்சி மாற வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது டாக்சி நிலையத்தில் யார் இருப்பார்கள், இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதுதான் பெண்களின் முதல் கவலை. மாலை ஆறு முதல் காலை ஆறு வரையிலான இரவுப் பணிக்கு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே போக்குவரத்து இருக்க வேண்டும் என்று இந்த நாட்டு அடிப்படைப் பணி நிலைமைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நாற்பது சொச்சம் கேள்விகளில் "வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள்?" என்ற கேள்வி இல்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது ஒப்பிடுவதற்கு வசதி, ஒத்துக்கொள்கிறேன். அந்த வசதிக்காக எந்த நாட்டுக்காரருக்கும் முக்கியமில்லாத கேள்விகளாகப் பொறுக்கி எடுத்தாயிற்று.

நாளும் அப்படித்தான். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே வாரம். இங்கே பதின்மூன்றாவது மாதச் சம்பளம் கிடைக்கும் டிசம்பரை ஒட்டிக் கேட்டால் ஒரு பதில், பள்ளிக் கட்டணமும் சீருடையும் கழுத்தை நெரிக்கும் ஜனவரியில் கேட்டால் வேறு பதில். சென்னையில் தீபாவளி போனசுக்கு முன்னும் பின்னும் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

நீங்கள் தலைமையகத்தை மாற்ற முடியாது, தெரியும். கேள்விகளை எழுதுவது நீங்கள் அல்ல. ஆனால் அட்டவணையை வரைவது நீங்கள்தான், அங்கே உங்கள் கைக்கு இடம் இருக்கிறது. நாடுகளை மேலிருந்து கீழாக அடுக்குவதை விட்டுவிடுங்கள். அல்லது, அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். ஒவ்வொரு கிளையின் எண்ணுக்கும் பக்கத்தில் சென்ற ஆண்டு எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் அனுப்பப்பட்டவர்கள், இருப்பவர்களில் எத்தனை பேர் படிவத்தைத் தொடவே இல்லை என்று நான்கு எண்கள் சேருங்கள். இந்த எண்கள் ஏற்கெனவே உங்கள் நிறுவனக் கணினியில் இருக்கின்றன. சம்பளப் பட்டியல் போடுகிறவருக்குத் தெரியாத எண் அல்ல. பத்துப் பேருக்குக் குறைந்த எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டாதீர்கள். கேள்வி மாறிய ஆண்டில் கோட்டை அறுத்துக் காட்டுங்கள். முடிந்தால், போனவர்களில் சிலரை ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் பிடியுங்கள். எங்கள் கிளையில் ஆட்குறைப்பில் போனவர்கள் பேசத் தயாராக இருக்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த ஆண்டுச் சர்வேக்கான அறிவிப்பு வந்துவிட்டது. இணைப்பு அடுத்த மாதம் வரும். அதற்குள் இரண்டாம் பக்கத்திலிருந்து அந்தப் பணிக்காலக் கட்டத்தையாவது எடுத்துவிட்டால், மேலாளர் பற்றிய கேள்விக்கு இந்த முறை நான் உண்மையான எண்ணைப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உம்லாங்கா கிளையின் குழு மேற்பார்வை ஊழியர்
டர்பன், குவாசூலு-நேட்டால்